கொட்டுவதும் பயன்பாட்டுக் கணக்கில் வரலாமா?

மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி, 1996-97இல் நாட்டின் அனல்மின் நிலையங்கள் வெளியேற்றிய சாம்பலில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்பாட்டுக்குப் போகவில்லை. 2021-22இல் 95 விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டது. அந்த ஓராண்டில் வெளியான சாம்பல் மட்டும் ஏறத்தாழ 27 கோடி டன். காகிதத்தில் பார்த்தால் கொண்டாட வேண்டிய மாற்றம்தான். எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவும் தொழிலாளியிடம் இதைச் சொன்னால் அவர் நம்பமாட்டார். அவர் காலடியில் இருப்பது சேறு மட்டுமல்ல. வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகியதால் படிந்த சாம்பலும்தான்.

மின் ஆணையத்தின் கணக்கும் பொய்யில்லை, எண்ணூரின் நிலையும் பொய்யில்லை. சிமென்டில் கலந்த சாம்பலையும், தாழ்வான நிலத்தில் கொட்டி மூடிய சாம்பலையும் ஒரே பயன்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் சாத்தியமாகின்றன. இந்தக் கணக்கை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும் என்பது நமது நிலைப்பாடு. ஒரு பொருளுக்குள் இறுகிப் பிணைந்துபோன சாம்பலை மட்டுமே பயன்பட்டதாக எண்ண வேண்டும். பள்ளத்திலும் சுரங்கக் குழியிலும் போட்டதைக் கழிவகற்றல் என்று தனியாகக் காட்ட வேண்டும்.

இப்படிப் பிரிப்பதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது. நிலக்கரியோடு ஒட்டிவரும் களிமண்ணும் மணல்துகளும் உலையின் கடும் வெப்பத்தில் உருகுகின்றன. புகையோடு மேலே போகும்போது குளிர்ந்து, நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாக உறைகின்றன. மின்புலத்தால் தூசியை ஈர்த்துப் பிடிக்கும் கருவிகள் புகைபோக்கிக்கு முன்னாலேயே இவற்றைச் சேகரித்துவிடும். உலர் சாம்பல் என்று மின் நிலையங்களில் சொல்வது இதைத்தான். சிமென்ட் நீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு உபரியாக வெளிப்படும். சாம்பலில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் அந்தச் சுண்ணாம்போடு வினைபுரிந்து, சிமென்டை இறுக்கும் அதே வகைப் பசையாக மாறுகின்றன. இப்படிச் செய்த கான்கிரீட் முதல் சில வாரங்களில் சற்று மெதுவாகத்தான் வலுப்பெறும். நாளாக ஆக நுண்துளைகள் அடைபட்டு உப்புநீரையும் தடுத்து நிற்கும். கடலோரக் கட்டுமானங்களுக்குப் பொறியாளர்கள் இதை விரும்பிக் கேட்பதன் காரணம் அதுதான்.

தமிழ்நாட்டுக்கு இந்த வேதியியல் புதிதல்ல. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டியது. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லைப் பொடித்த தூள். சுட்ட களிமண்ணின் சிலிக்காவைச் சுண்ணாம்போடு வினைபுரிய வைத்த அந்தக் காலத்துக் கொத்தனார்களுக்குச் சமன்பாடு தெரியாது, செய்முறை தெரியும். அவர்களுக்கு வெகு முன்பே ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலை வைத்து இதே வேலையைச் செய்தார்கள். அவர்கள் தேடிப்போய் எடுத்துவந்த பொருளுக்கு நிகரானதை நமது அனல்மின் நிலையங்கள் நாள்தோறும் மலைபோல் தள்ளுகின்றன. இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல்தான். நூறு லாரி கரியை எரித்தால் முப்பது லாரிக்குக் குறையாமல் சாம்பல் மிஞ்சும்.

அதே சாம்பலில் ஆர்சனிக், ஈயம், குரோமியம், பாதரசம் போன்றவையும் சிறு அளவில் கலந்திருக்கின்றன. கான்கிரீட்டுக்குள் பிணைந்துவிட்டால் அவற்றில் பெரும்பகுதி வெளியே வர வழியில்லை. நிலத்தடி நீர் ஏறி இறங்கும் பள்ளத்தில் தளர்வாகக் கொட்டினால் ஒவ்வொரு மழையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் டவுன் ஆஃப் பைன்ஸ் என்ற சிற்றூரில் சாலைக்கும் மனைக்கும் சாம்பலை நிரப்பினார்கள். பின்னர் அங்கே கிணற்று நீரில் போரானும் மாலிப்டினமும் தென்பட்டன. ஊராருக்குக் குடிநீரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2015இல் வெளியிட்ட நிலக்கரிச் சாம்பல் விதிகள் பல வகையில் தளர்வானவை. சாம்பலை அபாயகரக் கழிவு என்று சொல்லக்கூட அவை மறுத்துவிட்டன. அந்த விதிகளே பிணைந்த பயன்பாட்டையும் பிணையாத பயன்பாட்டையும் வேறுபடுத்துகின்றன. சாலைப் பணி அல்லாத இடத்தில் 12,400 டன்னோ அதற்கு மேலோ நிலத்தில் கொட்டினால், நீருக்கும் காற்றுக்கும் கேடில்லை என்று கொட்டுகிறவரே நிரூபிக்க வேண்டும்.

நமது விதிகளின் வரலாற்றைப் பார்ப்போம். 1999இல் வந்த முதல் அறிவிக்கை, மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர்கள் சாம்பல் கலக்க வேண்டும் என்றது. எல்லை பின்னர் 100 கிலோமீட்டராகி, 2016இல் 300 ஆனது. 2021 டிசம்பர் 31 அன்று வெளியான அறிவிக்கை முழுச் சாம்பலையும் பயன்படுத்தியாக வேண்டும் என்று கெடு விதித்தது. மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆயிரம் ரூபாய் இழப்பீடு என்றது. நல்ல கண்டிப்புதான். ஆனால் தாழ்நிலம் நிரப்புவதையும் சுரங்கக் குழி நிரப்புவதையும் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகளின் பட்டியலிலேயே அது வைத்துவிட்டது. ஒரு மின் நிலைய அதிகாரியின் இடத்திலிருந்து யோசித்தால், செங்கல் ஆலைகளுக்கு உலர் சாம்பலைத் தரம் பிரித்து அனுப்புவது வேலை. பக்கத்துப் பள்ளத்தில் லாரி லாரியாகக் கொட்டுவது சுலபம். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் என்றால் எது நடக்கும்? சிமென்டுக்குப் போவது நாட்டின் மொத்தச் சாம்பலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். பெயரெடுத்த அந்த 95 விழுக்காட்டில் மீதி எங்கே போனது என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. வீட்டைப் பெருக்கிக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளியவர் வீடு சுத்தமாகிவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் இருக்கிறது இந்தக் கணக்கு.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அதில் நியாயமும் இருக்கிறது. சாம்பலைக் குளங்களில் தேக்கி வைப்பது ஆபத்தானது. 2020 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியில் சாம்பல் குளத்தின் கரை உடைந்து உயிர்கள் பலியாகின. அந்த நிலைமைக்குக் கைவிட்ட சுரங்கக் குழியில் போட்டு மூடுவது மேல் அல்லவா என்று பொறியாளர்கள் கேட்கிறார்கள். சில இடங்களில் மேல்தான். அடியில் நீர்க்கசிவைத் தடுக்கும் படலம் விரித்து, சுற்றிலும் கண்காணிப்புக் கிணறு போட்டு, நிலத்தடி நீரோட்டத்தை ஆராய்ந்த பிறகு போட்டால் நாமும் எதிர்க்க மாட்டோம். நெய்வேலி போன்ற இடத்தில் அதைச் செய்வதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். அங்கே நிலத்தடி நீரின் அழுத்தத்தைக் குறைக்க இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கமே வெட்ட முடியும். எவ்வளவு கவனமாகப் போட்டாலும் அது புதைப்பதுதான். புதைத்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

எண்ணூர் விவகாரத்தில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. சாம்பலை நீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாயில் அனுப்பும் முறைதான் கழிமுகத்தைக் கெடுத்தது. சாம்பலின் தரத்தைக் கெடுப்பதும் அதே முறைதான். குளத்தில் ஊறி, உலையின் அடியில் தங்கும் அடிச்சாம்பலோடு கலந்து கிடக்கும் சாம்பலைச் சிமென்ட் ஆலைகள் எளிதில் தொடமாட்டா. உலர்ந்த நிலையில் பிடித்து வைத்தால் சரக்கு, கரைத்துவிட்டால் சகதி. மீனவர் ஒருவர் 2016இல் தொடுத்த வழக்கில், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பிறகாவது அரசு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்: ஈரச் சாம்பல் முறையை முற்றாக நிறுத்தும் நாள் எது? குழாயை மாற்றுகிறோம், ஒட்டுப்போடுகிறோம் என்பதெல்லாம் அதற்குப் பதிலாகாது.

குளத்தில் கிடக்கும் பழைய சாம்பலை இனி ஒன்றும் செய்ய முடியாது என்பதும் சரியல்ல. வட கரோலினாவில் 2014 பிப்ரவரியில் டான் ஆற்றில் பல்லாயிரம் டன் சாம்பல் கொட்டியது. அந்த ஆண்டே சாம்பல் குளங்களை மூடச் சட்டம் வந்தது. 2016இல் அதைத் திருத்தி, டியூக் எனர்ஜி நிறுவனம் மூன்று இடங்களில் பழைய சாம்பலைத் தோண்டியெடுத்து, மிச்சக் கரியை எரித்து நீக்கி, ஒவ்வொரு இடத்திலும் ஆண்டுக்கு மூன்று லட்சம் டன் வரை கான்கிரீட்டுக்கு ஏற்றதாக மாற்றியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். அந்த ஆலைகள் எழுந்தன. பிரிட்டன் தனது கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பரில் மூடியது. அங்கே இப்போது பழைய சாம்பல் மேடுகளைத் தோண்டுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். நமது 2021 அறிவிக்கையோ, குளத்தின் மேல் மரம் நட்டு நிலைப்படுத்திவிட்டால் பழைய சாம்பலை எடுக்கத் தேவையில்லை என்று வழிவிடுகிறது. கடலோரச் சதுப்பு நிலத்தில் உள்ள குளங்களுக்கு அந்தச் சலுகை கூடாது.

இந்தப் பக்கம் சாம்பல் மலை என்றால், அந்தப் பக்கம் செம்மண் பள்ளம். கோவைக்குப் பக்கத்தில் தடாகம் பள்ளத்தாக்கில் யானை நடமாடும் மலையடிவாரத்தைத் தோண்டிச் சூளைக்குக் கொண்டுபோனார்கள். வழக்குகளுக்குப் பிறகு 2021இல் நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. செங்கல்லின் தேவை மூடப்படவில்லை. ஒரு செங்கல் ஏறக்குறைய மூன்று கிலோ. ஒரு சாதாரண வீட்டுக்கு எத்தனை ஆயிரம் கல் என்று எந்த மேஸ்திரியும் சொல்வார், பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். மேட்டூர் அனல்மின் நிலையத்திலிருந்து கோவை, விதி சொல்லும் 300 கிலோமீட்டருக்கு நன்கு உட்பட்ட தூரம்தான். சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம், கல்தூள் சேர்த்து அழுத்தி, நீர் தெளித்தே இறுக வைக்கும் கல்லுக்குச் சூளை நெருப்பும் வேண்டாம், செம்மண்ணும் வேண்டாம்.

பூச்சு வெடிக்கிறது, ஆணி நிற்பதில்லை, ஓரம் உடைகிறது என்று கொத்தனார்கள் இந்தக் கல்லைக் குறை சொல்வதும் உண்மைதான். சாம்பல் கலவையைச் சரியாக அளக்காமல், போதிய நாள் நீர் காட்டாமல் விற்றால் அப்படித்தான் ஆகும். குறை கல்லின் தன்மையில் இல்லை, செய்வதில் இருக்கிறது. தரத்தைச் சோதிக்கும் வசதி மாவட்டத்துக்கு மாவட்டம் இருந்தால், தரமற்ற கல்லை விற்பவர் ஒதுங்குவார். அரசு கட்டும் பள்ளி, மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு எல்லாவற்றிலும் முதலில் இந்தக் கல்லையே பயன்படுத்தட்டும். ஒப்பந்தக்காரர் கணக்குப் பார்த்துச் செம்மண் கல்லுக்குப் போகாமல் இருக்க, பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலும் அதற்கேற்ப மாற வேண்டும். சிறிய செங்கல் ஆலைக்குச் சாம்பல் விலையைவிட லாரி வாடகைதான் பாரம். அந்த வாடகையை மின் நிலையம் சுமக்கட்டும்; டன்னுக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு கட்டுவதைவிட அது லாபம்.

ஆய்வகங்கள் நம்பிக்கை தருகின்றன. சாம்பலைக் காரக் கரைசலில் சூடாக்கினால் ஜியோலைட் கிடைக்கிறது. அது கழிவுநீரிலிருந்து அம்மோனியத்தையும் கன உலோகங்களையும் பிடித்துக்கொள்ளும். ஆய்வு தொடரட்டும். ஆனால் கோடி டன் கணக்கில் வரும் பொருளுக்குக் கிலோ கணக்கில் விற்கும் தீர்வைக் காட்டி மேடையில் கைத்தட்டல் வாங்குவது வேண்டாம். சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சாம்பலால் சுத்தம் செய்துவிடலாம் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. சாயத்தை உறிஞ்சிய சாம்பலை அடுத்து எங்கே போடுவது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

எடையைச் சுமக்கப்போவது சிமென்டும் கல்லும் சாலையும்தான். இந்தியத் தரத்தின்படி பொசொலானா சிமென்டில் 35 விழுக்காடு வரை சாம்பல் கலக்கலாம். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து, சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் புதுவகைச் சிமென்டுக்கும் 2023இல் இந்தியத் தரம் வந்துவிட்டது, சென்னை ஐ.ஐ.டி.யும் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனமும் அதற்காக உழைத்தவற்றில் அடக்கம். சுர்க்கி வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது எனலாம். வரவேற்போம். ஆனால் சாம்பல் எட்டும் தூரத்தில் கிடக்கும்போது அந்தக் களிமண்ணுக்காகப் புதிய குழி வெட்ட உரிமம் கொடுப்பது தடாகத்தை வேறோர் ஊரில் திரும்பச் செய்வதாகும். சாம்பல் கிடைக்காத வட்டாரங்களுக்கு முதலில் போகட்டும் அந்தச் சிமென்ட்.

வடசென்னையில் 800 மெகாவாட் திறன்கொண்ட மூன்றாம் கட்டம் 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. அங்கிருந்து புறப்படும் ஒவ்வொரு டன் சாம்பலும் எந்த ஆலைக்கு, எந்தச் சாலைக்கு, எந்தப் பள்ளத்துக்குப் போகிறது என்பதை மாதந்தோறும் மின்வாரியம் தனது இணையதளத்தில் வெளியிட வேண்டும். பள்ளம் என்று எழுதினால் அதன் புல எண்ணையும், பக்கத்துக் கிணற்று நீரின் சோதனை முடிவையும் சேர்த்து எழுத வேண்டும். மேட்டூருக்கும் தூத்துக்குடிக்கும் இதே விதி. மத்திய அரசு அறிவிக்கையைத் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இயங்குவதற்கான இசைவைக் கொடுப்பது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அடுத்த புதுப்பித்தலிலேயே இதை நிபந்தனையாகச் சேர்க்க அதற்கு அதிகாரம் இருக்கிறது.