எடுத்து முடித்தபின் வரையும் கதைப்பலகை

கலியாணம் முடிந்தபின் நாள் பார்ப்பவர் எவரும் நம்மூரில் இல்லை. ஆனால் படத்தை எடுத்து, தொகுத்து, இசையோடு பொருத்தி முடித்தபின், அந்தப் படத்துக்கான திட்டத்தை உட்கார்ந்து வரையும் மாணவர்கள் இருக்கிறார்கள். வரைந்து கொடுத்ததை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுப் புள்ளி வழங்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இவ்விரு சாராரையும் நோக்கியதே இப்பத்தி.

ஊடகக் கல்வி பயிலும் மாணவர்களுக்குப் பாடற் காணொளி ஒன்றைத் தயாரிப்பது ஒப்படையாகத் தரப்படுவதுண்டு. காணொளியோடு, ஸ்ரோரிபோர்ட் என்று ஆங்கிலத்தில் வழங்கும் கதைப்பலகையையும் சமர்ப்பிக்க வேண்டும். அத்தகைய ஒப்படைகள் சிலவற்றை அண்மையில் பார்க்க நேர்ந்தது. ஒரு கதைப்பலகையின் ஏழாவது கட்டத்தில், மதிலோரம் நாயொன்று சுருண்டு படுத்திருப்பதாக வரையப்பட்டிருந்தது. காணொளியிலும் அதே மதில், அதே நாய், அதே கிடை. தெருநாய் எங்கே படுக்கும் என்பதை இரண்டு வாரங்களுக்கு முன்பே திட்டமிட்டு வரையக்கூடிய மேதையை நான் இதுவரை சந்தித்ததில்லை. படத்தை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். அதற்கும் நல்ல புள்ளி கிடைத்திருந்தது.

இதைச் சிறு ஏமாற்று என்று சிரித்துவிட்டுப் போகலாம். என்னால் முடியவில்லை. ஏனெனில் கதைப்பலகை என்பது ஒப்படையின் பின்னிணைப்பு அன்று. சிந்தனை நிகழ வேண்டிய இடமே அதுதான். 1930களின் தொடக்கத்தில் வோல்ற் டிஸ்னியின் கலையகத்தில், கதைக்கான சித்திரங்களைத் தனித்தனித் தாள்களில் வரைந்து பலகையொன்றில் வரிசையாகக் குத்திவைத்தார்கள். அதிலிருந்தே இந்தப் பெயர் வந்தது. பிடிக்காத தாளைக் கழற்றி எறியலாம். முன்னதைப் பின்னுக்கு மாற்றலாம். தாளைக் கழற்றுவதற்குச் செலவில்லை. நாற்பது பேரை வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டு மனதை மாற்றுவதற்குத்தான் செலவு.

கணக்கைப் பாருங்கள். நான்கு நிமிடப் பாடல். நிமிடத்துக்கு 96 தட்டு. தாளவட்டம் ஒன்றுக்கு நான்கு தட்டு. அப்படியானால் ஒரு வட்டம் இரண்டரைச் செக்கன். முழுப் பாடலும் 96 வட்டம். ஷொட் ஒன்று சராசரியாக மூன்று செக்கன் நின்றாலும் 80 ஷொட்கள் தேவை. ஒவ்வொன்றுக்கும் கமராவை இடம்மாற்றி, ஒளி பார்த்து, நடிப்பவரை நிறுத்தி எடுக்கப் பதினைந்து நிமிடம் என்று வைத்தால் இருபது மணித்தியாலம். யாழ்ப்பாணத்தில் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலம். அதிலும் முகத்துக்கு இதமான வெளிச்சம் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரந்தான். ஆகவே எந்த ஷொட்களை எந்த இடத்தில் ஒருசேர எடுப்பது, எதைக் கைவிடுவது என்பதைத் தாளில் முடிவு செய்யாதவர், களத்தில் பசியோடும் சண்டையோடும்தான் முடிவு செய்வார்.

இன்னுமொன்று. பாடகரின் உதடசைவு மெதுவான அசைவில் தெரிய வேண்டுமென்றால், செக்கனுக்கு 50 சட்டகமாக எடுத்து 25 ஆக ஓட்டுவார்கள். அப்போது படப்பிடிப்புத் தளத்தில் பாடலை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு அதற்கேற்ப வாயசைக்க வேண்டும். இதை முன்கூட்டி எண்ணாதவர்களின் காணொளியில் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பிறகு அதை மறைக்க ட்ரோன் காட்சிகளை அள்ளிச் செருகுவார்கள். நம் இளைஞர்களின் பாடற் காணொளிகளில் வானத்திலிருந்து எடுத்த பனந்தோப்பு ஏன் இத்தனை தடவை வருகிறது என்று வியந்தவர்களுக்கு இதுவும் ஒரு விடை.

“நாங்கள் ஏழைகள், எங்களுக்கு எதற்கு ஹொலிவூட் முறை?” என்று கேட்பார்கள். தலைகீழான கேள்வி. திட்டம் பணக்காரனின் ஆடம்பரமன்று, காசில்லாதவனின் கருவி. சத்யஜித் ரே 1952 ஒக்டோபரில் ‘பதேர் பாஞ்சாலி’யின் படப்பிடிப்பைத் தொடங்கியபோது அவரிடம் பணமில்லை. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவோ அதற்கு முன் சினிமாக் கமராவை இயக்கியவரே அல்லர். ஆனால் காட்சிகளை வரைந்து வைத்த கொப்பி இருந்தது. 1965இல் பொப் டிலனை லண்டன் ஒழுங்கையொன்றில் நிறுத்தி எடுத்த பாடற் காட்சியில், அசையாத கமராவும் முன்கூட்டியே எழுதிய அட்டைகளும் தவிர வேறெதுவுமில்லை. 2006இல் ஓகே கோ என்ற அமெரிக்கக் குழு, எட்டு ஓட்டப்பயிற்சி இயந்திரங்களின் மீது ஆடி, ஒரே ஷொட்டில் ஒரு பாடலை எடுத்தது. அடவு ஒவ்வொன்றும் ஒத்திகை பார்க்கப்பட்டது. பதினேழாவது தடவைதான் சரிவந்தது. அடுத்த ஆண்டு கிரம்மி விருது கிடைத்தது. எங்கள் பிள்ளைகள் கைகளில் வைத்திருக்கும் கமராக்கள் ரேயின் கமராவை விட எத்தனையோ மடங்கு இலகுவானவை. இல்லாதது கொப்பிதான்.

“திட்டமிட்டால் கலையின் உயிர் போய்விடும், தற்செயலில்தான் அழகு பிறக்கும்” என்பது அடுத்த வாதம். ‘பதேர் பாஞ்சாலி’யில் அக்காவும் தம்பியும் வெண்நாணல் பூக்களினூடே ஓடிப் புகையிரதத்தைக் காணும் காட்சியை ஒரு நாள் பாதி எடுத்தார் ரே. அடுத்த வாரம் போனால் பூக்களை மாடுகள் தின்றுவிட்டிருந்தன. “பரவாயில்லை, வேறேதாவது எடுப்போம்” என்று அவர் சொல்லவில்லை. மறுபடி பூக்கும் பருவம்வரை காத்திருந்தார். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் காத்திருக்கவும் தெரியும். தற்செயலாய் வருவது நல்லதா கெட்டதா என்று பிரிக்கவும் தெரியும்.

வெளியே போவானேன்? மட்டக்களப்புக் கூத்து மரபில் அண்ணாவியார் சட்டங்கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணிவித்து, அடுக்குப் பார்த்த பின்னர்தான் அரங்கேற்றம். எழுத்தறியாத கூத்தர்கூட ஆடிய அந்தக் கூத்துக்கு இத்தனை படிகள் இருந்தன. பத்திரிகைக் கந்தோரில் நாங்களும் பக்கத்தின் மாதிரித் தாளில் பென்சிலால் கோடிட்டு, எந்தச் செய்தி எங்கே, எத்தனை பத்தி என்று குறித்த பின்னரே அச்சுக்கு அனுப்பினோம். திட்டமிடல் எங்களுக்கு அந்நியமானதன்று.

இவ்வளவும் தொழில் பற்றியவை. எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறொன்றில்.

திட்டமின்றிக் கமராவோடு புறப்படுகிறவர் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவதையெல்லாம் எடுக்கிறார். எங்கள் மண்ணில் எடுப்பாகத் தெரிவது எது? இடிபாடுகள். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் வலிகாமம் வடக்கு மக்கள் விட்டோடிய வீடுகள். கூரையற்ற சுவர்கள், சன்னம் துளைத்த தூண்கள், அறைக்குள் வளர்ந்துவிட்ட மரங்கள். அவற்றின் முன்னால் குளிர்கண்ணாடி அணிந்த கதாநாயகன் சாய்ந்து நின்று காதல் தோல்வியைப் பாடுகிறான். பாடலில் வீடும் இல்லை, போரும் இல்லை, இடம்பெயர்வும் இல்லை. சுவர் அழகாக இருந்தது, எடுத்தார்கள். அந்தச் சுவருக்குள் ஒரு குடும்பம் பொங்கியது, பிள்ளை பெற்றது, ஓடியது. அவர்களில் ஒருவர் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருந்து யூரியூப்பில் அதைப் பார்க்கலாம். தன் வீட்டுச் சுவர் யாரோ ஒருவரின் காதல் தோல்விக்குப் பின்திரையாக நிற்பதைப் பார்க்கும் அவருக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்?

இடிபாடுகளைப் படமெடுக்கவே கூடாது என்பதல்ல என் வாதம். எடுக்க வேண்டும், காரணத்தோடு எடுக்க வேண்டும். கதைப்பலகையின் கட்டத்துக்குக் கீழே ‘இந்த வரிக்கு ஏன் இந்த இடம்?’, ‘இது யாருடையது, யாரிடம் கேட்டோம்?’ என்ற இரு கேள்விகளுக்கு விடை எழுதியிருந்தால், பாதிக் காட்சிகள் தாளிலேயே அடிபட்டுப் போயிருக்கும். மீதி இருப்பவை கனத்தோடு நின்றிருக்கும்.

ஆசிரியர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முன்பே கதைப்பலகையை வாங்கித் திகதியிட்டுக் கையொப்பமிடுங்கள். வகுப்பின் முன் மாணவர் அதற்கு விளக்கம் சொல்லும்வரை கமராவைக் கொடுக்காதீர்கள். வரையத் தெரியாதவர் குச்சி மனிதர்களை வரையட்டும். சித்திரத்துக்குப் புள்ளி வேண்டாம். முடிந்த படம் திட்டத்திலிருந்து எங்கே விலகியது, ஏன் விலகியது என்று எழுதச் சொல்லி, அதற்குப் புள்ளி கொடுங்கள். அப்போது நாயும் நேர்மையாக உள்ளே வரலாம்.

மாணவர்களுக்கு: பாடலைக் கண்ணை மூடி இருபது தடவை கேளுங்கள். தாளவட்டங்களை எண்ணிக் கொப்பியில் கட்டம் போடுங்கள். ஒரு வீட்டின் முன் ஏன் நிற்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுத முடியவில்லையானால், அந்த வீட்டை விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.