நீலத்திரை வந்தால் உடனே ஃபார்மட்டா?

கும்பகோணத்தில் தனியாக வசிக்கிறார் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வீடியோ காலில் பேசவும், மறைந்த கணவரின் புகைப்படங்களைப் பார்க்கவும் வீட்டுக் கம்ப்யூட்டர்தான் அவருக்குத் துணை. ஒருநாள் பேச்சின் நடுவே திரை முழுக்க நீலமானது. ஒரு சோக முகம், நாலு வரி ஆங்கிலம். பிறகு தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாள் இரண்டு முறை!

வந்து பார்த்த மெக்கானிக், "வைரஸா இருக்கும்மா. ஃபார்மட் பண்ணிட்டா சரியாகிடும்" என்றார். நல்லவேளையாக, அவர் சென்னையில் இருக்கும் தங்கை மகனுக்கு போன் செய்தார்.

"ஃபார்மட் எல்லாம் வேண்டாம் பெரியம்மா. சனிக்கிழமை நான் வர்றேன். அதுக்குள்ள ரெண்டு வேலை செய்யுங்க. பெரியப்பா போட்டோவை எல்லாம் ஹார்டு டிஸ்க்ல காப்பி பண்ணிடுங்க. திரை நீலமாகும்போதெல்லாம் செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு, மணி என்ன, என்ன செஞ்சிட்டிருந்தீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க."

அவன் சொன்ன இரண்டுமே முக்கியமானவை. நீலத்திரை ஒரு நோய் அல்ல, நோயின் அறிகுறி. உள்ளே சரிசெய்ய முடியாத தவறு நடக்கும்போது, தகவல்கள் மேலும் பாழாகாமல் இருக்க விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. காரணத்தையும் 'ஸ்டாப் கோடு' என்ற பெயரில் திரையில் காட்டுகிறது. புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் இந்தத் திரை கறுப்பாக வரும். விஷயம் ஒன்றுதான்.

குறிப்புகள் கையில் இருந்தால் கோளாறு எங்கே என்று ஓரளவு ஊகிக்கலாம்.

* ஒவ்வொரு முறையும் ஒரே கோடு, அதுவும் புதிய பிரின்டர் இணைத்த பிறகோ அப்டேட் ஆன பிறகோ ஆரம்பித்தது என்றால், டிரைவர் அல்லது மென்பொருள் கோளாறாக இருக்கலாம். 2024 ஜூலை 19-ம் தேதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் இப்படித்தான் படுத்தன. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால், சேஃப் மோடுக்குப் போகும் வழி கிடைக்கும். அங்கிருந்து புதிதாகப் போட்டதை நீக்கலாம்.

* கேம், வீடியோ என்று அதிக வேலை கொடுக்கும்போது மட்டும் நிற்கிறது, ஃபேன் இரைகிறது என்றால் சூடு. உள்ளே தூசி அடைத்திருக்கும்.

* நீலத்திரையே வராமல் பட்டென்று அணைந்தால், எஸ்.எம்.பி.எஸ். அல்லது யு.பி.எஸ். பக்கம் பாருங்கள்.

* ஃபைல் திறக்க வெகுநேரம் ஆகிறது, டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது என்றால் ஹார்டு டிஸ்க் கடைசிக் கட்டத்தில் இருக்கலாம். மற்ற எதையும் விட, முதலில் காப்பி எடுங்கள்.

* கோடு ஒவ்வொரு முறையும் மாறுகிறது, நேரமும் வேலையும் ஒத்துவரவில்லை என்றால் சந்தேகம் முதலில் ரேம் மீது விழ வேண்டும்.

ஆசிரியையின் நோட்டில் நான்கு நாட்களுக்கு ஐந்து குறிப்புகள் இருந்தன. ஒன்று வீடியோ காலில், ஒன்று புகைப்படம் பார்க்கையில், ஒன்று சும்மா இருக்கும்போது. கோடுகளும் வெவ்வேறு. பார்த்ததுமே தங்கை மகனுக்குப் பிடிபட்டது. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி, சோதனையை ஓடவிட்டான். காத்திருந்ததற்குப் பலன், 'ஹார்டுவேர் கோளாறு' என்ற பதில்.

கம்ப்யூட்டரை அணைத்து, மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டுத் திறந்தான். உள்ளே இரண்டு ரேம். கழற்றி, தங்க நிறப் பகுதியைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, திரும்பப் பொருத்தினான். சிலருக்கு இதிலேயே சரியாகிவிடும். இங்கே ஆகவில்லை. அதனால் ஒவ்வொன்றாக மட்டும் போட்டுச் சோதித்தான். ஒன்று தேறியது, மற்றது தேறவில்லை. பழுதானதை எடுத்துவிட்டு, அதே வகையில் புதியது வாங்கிப் போட்டதோடு வேலை முடிந்தது.

ஃபார்மட் செய்திருந்தால்? காப்பி எடுக்காத புகைப்படங்கள் போயிருக்கும். பழுதான ரேம் அப்படியே இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே நீலத்திரை!

இன்னொரு எச்சரிக்கை. நீலத்திரையில் 'இந்த எண்ணுக்கு போன் செய்யுங்கள்' என்று இருந்தால், அது போலி. உண்மையான விண்டோஸ் நீலத்திரை போன் நம்பர் தராது. அந்த எண்ணை அழைக்காதீர்கள். பிரவுசரை மூடுங்கள், முடியாவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை இன்றே சொல்லி வையுங்கள்.

ஆசிரியையின் நோட்டு இப்போதும் கம்ப்யூட்டர் மேஜையில்தான் இருக்கிறது. அதில் கடைசியாக எழுதியிருப்பது இதுதான்: 'ஞாயிறு, இரவு 8 மணி. மகளோடு ஒன்றரை மணி நேரம் பேசினேன். நிற்கவில்லை.'