பெயர் ஒன்று, பொருள் இரண்டு

தேடுபொறியில் 'நாமகிரிப்பேட்டை' என்று தட்டினால் எது வர வேண்டும்? மஞ்சள் ஏலம் நடக்கும் எங்கள் ஊரா, நாதஸ்வர மேதை கிருஷ்ணனா? எழுத்தை மட்டும் பார்க்கிற இயந்திரத்துக்கு இரண்டிலும் அதே சொல்தான். நமக்கு ஒன்று ஊர், இன்னொன்று ஆள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 2012 மே மாதம் கூகுள் 'நாலெட்ஜ் கிராஃப்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஊர், ஆள், நூல் என ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம். அவற்றுக்கு நடுவே உறவுகள். இவர் இங்கே பிறந்தார், இந்த வாத்தியம் வாசித்தார் என்று. பட்டாவில் நாலு ராமசாமி இருந்தாலும் சர்வே எண்ணைப் பார்த்தால் எந்தக் காடு என்று தெரிந்துவிடுகிறதல்லவா, அதுபோல.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் பெயர்கள் அதற்கு அவ்வளவு சுலபமாகப் பிடிபடுவதில்லை. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை பிறந்தது மோகனூரில். பட்டத்தை நம்பி 'பிறந்த ஊர்: நாமக்கல்' என்று யாராவது பதிந்துவிட்டால் தவறு. எங்கள் ஊரே பழைய புத்தகங்களில் சேலம் மாவட்டம். 1997-க்குப் பிறகு நாமக்கல் மாவட்டம். இரண்டும் சரி, ஆண்டையும் சேர்த்துச் சொன்னால்.

முன்பெல்லாம் தேடினால் பத்து சுட்டிகள் வரும், ஒப்பிட்டுப் பார்ப்போம். இப்போது ஓரத்தில் ஒரு பெட்டி, அதில் ஒரே பதில். பேரப்பிள்ளைகள் அதற்கு மேல் போவதில்லை. அதில் பிழை இருந்தால் பள்ளிக் கட்டுரை வரைக்கும் அது போய்விடும்.

இதற்குக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை என்பது என் கருத்து. அந்தப் பெட்டிக்கான தகவல்களைத் தொடக்கத்திலேயே விக்கிப்பீடியா, ஃப்ரீபேஸ் போன்ற பொதுக் களஞ்சியங்களிலிருந்தும் எடுத்தார்கள். 2012 அக்டோபரில் தொடங்கிய விக்கித்தரவில் யார் வேண்டுமானாலும் பதியலாம், தமிழிலும் பதியலாம். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று குறிக்க அதில் இடம் உண்டு. ஆதாரம் காட்டவும் இடம் உண்டு.

ஆதாரம் என்ற இடத்தில்தான் நம்மைப் போன்ற ஓய்வுபெற்றவர்களுக்கு வேலை இருக்கிறது. "எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது" என்றால் அங்கே செல்லாது. அச்சில் வந்தது வேண்டும். கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டுவிழா மலர், பழைய செய்தித்தாள், இவையெல்லாம் நம் வீட்டுப் பரண்களில்தான் கிடக்கின்றன. ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழிக்கும்போது எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஊர்ப்பெயர், ஆள்பெயர், ஆண்டு மூன்றும் சேர்ந்து ஒரு பக்கத்தில் இருந்தால், அதை எந்த மலர், எத்தனையாவது பக்கம் என்ற விவரத்தோடு பதியச் சொல்லிப் பேரனிடம் கொடுங்கள்.