கேட்டுவிட்டு ஊசி போடுவோம்

இரவு இரண்டரை மணி. கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயர் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. டியூட்டி டாக்டர் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். ஆம்பூலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறோம், மறுபடி கையெழுத்தைப் பார்க்கிறோம். ‘இதுவாகத்தான் இருக்கும்’ என்கிறது மனம். நம்மில் இந்த நிமிடத்தைக் கடக்காதவர் யார்? வேலையில் சேர்ந்த முதல் வருடம், கேட்கப் பயந்து, டிரேயை ஏந்திக்கொண்டு வராண்டாவில் நின்றிருந்தேன். இன்சார்ஜ் சிஸ்டர் பார்த்துவிட்டார்கள். “உனக்குத் திட்டு விழும்னு பயப்படுறே. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்னு யோசிச்சியாம்மா?” என்றார்கள். போன் போட்டோம். மருந்து சரிதான், அளவைத்தான் நான் தவறாகப் படித்திருந்தேன்.

ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நம்மில் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். அங்கே சிகிச்சையில் இருந்த ஒரு குழந்தைக்கு மருத்துவர் எழுதியது குளோராம்ஃபெனிகால். செவிலியர் தகப்பனாரை வாங்கி வரச் சொன்னதோ லாரியாகோ, அதாவது குளோரோகுயின். நரம்பில் ஊசி ஏறியதுமே தாயின் மடியிலேயே குழந்தை துவண்டு விழுந்தது. இதயம் நின்றது, மூளை மீள முடியாதபடி பாதிக்கப்பட்டது. குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்கு 5 லட்சமும் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. ஊசி போட்டவர் எந்த மாநில நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்யாதவர். 1926இலேயே செவிலியர் பதிவுக்கென்று சட்டம் கொண்டுவந்த சென்னை மாகாணத்தின் வாரிசுகள் நாம். இன்றும் பதிவு இல்லாதவர் கையில் சிரிஞ்சைக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

ஆனால் பதிவு எண் இருந்தால் மட்டும் போதாது. குளோராம்ஃபெனிகாலும் குளோரோகுயினும் காதுக்கும் கண்ணுக்கும் நெருக்கமான பெயர்கள். “டாக்டர், எழுதியிருப்பது எது?” என்ற ஒரே கேள்வி அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்கும்.

பாடத்தில் ஹெண்டர்சன் கோட்பாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். பலமும் மனமும் அறிவும் இருந்தால் நோயாளி தனக்குத் தானே எதைச் செய்துகொள்வாரோ, அதை அவருக்காகச் செய்வதே செவிலியம் என்பது அதன் சாரம். குளிப்பாட்டுவதும் சோறூட்டுவதும் மட்டுமே இதில் அடங்கும் என்று நினைத்துவிட்டோம். மருந்தைப் பற்றித் தெரிந்திருந்தால் அந்தத் தாய் கேட்டிருக்கமாட்டாரா? அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஆகவே அவர் இடத்தில் நின்று நாம் கேட்கிறோம். இதை அதிகப்பிரசங்கித்தனம் என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

சட்டத்தின் பக்கம் இப்போது இன்னும் கடுமையாகியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டுவரை சிறை. மருத்துவச் செயல்முறையின்போது அது நேர்ந்தால் பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டு ஆண்டு வரம்பு. அந்த விளக்கத்தில் செவிலியர் இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் எல்லாருக்கும் உச்சபட்சம் இரண்டு ஆண்டுதான். ஒரே வார்டில், ஒரே நோயாளியிடம், ஒரே சிகிச்சையில் நேரும் தவறுக்கு இரண்டு அளவுகோல் என்பது அநியாயம். நம் சங்கங்கள் இதைத் திருத்தச் சொல்லி விடாமல் குரல் கொடுக்க வேண்டும்.

“டாக்டர் சொன்னார், செய்தேன்” என்பது கோர்ட்டில் நம்மைக் காக்கும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம். போனில் ஆர்டர் வந்தால் மருந்து, அளவு, வழி மூன்றையும் திருப்பிச் சொல்லி ‘சரி’ என்ற பதிலைக் கேட்ட பிறகே போனை வையுங்கள். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ குழப்பம் வரும் இடத்தில் ‘ஒன்று ஐந்து’ என்று இலக்கமாகவே சொல்லுங்கள். கேட்ட நேரம், கேட்டது, கிடைத்த பதில் ஆகியவற்றை நர்சஸ் நோட்ஸில் அந்த நிமிடமே எழுதுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் ஊசியை நிறுத்தி மேலே உள்ளவரிடம் சொல்லுங்கள்.

இன்சார்ஜ் சிஸ்டர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நள்ளிரவில் சந்தேகம் கேட்டதற்காக ஒரு ஜூனியர் திட்டு வாங்கினால், மறுநாள் ரவுண்ட்ஸில் அந்த மருத்துவரிடம் அவளுக்காகப் பேசுங்கள். அதை அவள் காதுபடவே பேசுங்கள்.