அயலார் ஏட்டில் ஒரு தமிழர்

சான்று இல்லாதவனுக்கு வரலாறு இல்லை என்பர் ஒரு சாரார். சான்று எதற்கு, பெருமை போதும் என்பர் மறு சாரார். இரண்டும் பிழையே.

மலாக்கா வணிகர் நினா சத்துவை எடுத்துக்கொள்வோம். 1509இல் சுல்தானிடம் சிறைப்பட்ட போர்த்துகீசியருக்கு உதவிய தமிழ் இந்து இவர். 1511இல் நகரைக் கைப்பற்றிய அல்புகெர்க் இவரைப் பெண்டகாராப் பதவியில் அமர்த்தினார். 1514இல் அப்பதவி சுமத்திராவின் கம்பார் மன்னருக்கு மாற்றப்படவே, மானம் பொறாது தீ வளர்த்து அதில் மாண்டார்.

இவற்றை எழுதி வைத்தவர் போர்த்துகீசியர். பெயர்கூட அவர்கள் நாவில் திரிந்ததே. ‘நினா’ என்பது நயினாவா, ‘சத்து’ என்பது செட்டியா என ஊகிக்க வேண்டியுள்ளது. இவரைத் துரோகி எனத் தூற்றுவதும் எளிது. வீரர் எனப் போற்றுவதும் எளிது. தீயின் முன் நின்றபோது அவர் நெஞ்சில் இருந்ததை அறிந்தவர் எவர்?

பெண்டகாராவுக்கே இக்கதி என்றால், அதே மாநிலத்து ரெம்பியா வட்டாரத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று பால்மரம் சீவியவர்களுக்கு என்ன மிஞ்சும்? கிராணியின் செக்ரோலில் பிழையாய் எழுதிய பெயரும் அன்றைய கூலியுமா?

தகரப்பெட்டியில் கிடக்கும் சிவப்பு அடையாள அட்டை, தோட்டத்துக் கோயில் மணியில் பொறித்த பெயர், பாட்டி பாடும் ஒப்பாரி ஆகிய அனைத்தும் சான்றுகளே. பொன்னாடை போர்த்தி வெறும் பழம்பெருமை பேசும் சங்கங்கள் இவற்றைத் தொகுத்தனவா?

நினா சத்துவின் கதையை அயலார் எழுதினர். அன்றைய தமிழர்மீது பழி சொல்வது வீண். இன்று எழுதாதிருப்போருக்கு அச்சாக்கும் இல்லை.