சேலைக்கு அலமாரி உண்டு. பிள்ளைகளுக்கு முக்காலி எங்கே?

நாகர்கோவில் மணிமேடையிலிருந்து மீனாட்சிபுரம் வரை ஒரு நடை போனால் போதும். கண்ணாடிக்குள் பொம்மைகள் பட்டுச் சேலை கட்டி நிற்கின்றன. பொம்மைக்குக் கால் கடுக்காது. உள்ளே சேலை எடுத்துப் போடுகிற பெண்களுக்குக் கடுக்கும். காலையில் கடை திறக்கும்போது நிற்கத் தொடங்குகிறவர்கள், ராத்திரி ஷட்டர் இறங்கும் வரை நிற்கிறார்கள். பல கடைகளில் சாப்பாட்டு நேரம்தான் உட்காரும் நேரம்.

வாங்க வருகிறவர்களுக்கு உபசாரம் பலம். "வாங்கக்கா, இருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவதும் அந்தப் பெண்தான். குமரி மாவட்டத்தில் 'இருங்க' என்றால் 'உட்காருங்க' என்று அர்த்தம். ஊரையெல்லாம் இருக்கச் சொல்லுகிற பிள்ளைக்கு இருக்க இடம் கிடையாது!

பழைய ஜவுளிக்கடை இப்படி இல்லை. தரையில் மெத்தை, அதன் மேல் வெள்ளை விரிப்பு. முதலாளி கல்லாப்பெட்டியோடு ஒரு மூலையில் சம்மணம் போட்டிருப்பார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை. துணி விரித்துக் காட்டுகிறவரும் உட்கார்ந்திருப்பார், பார்க்க வந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். எடுத்துக் கொடுக்கிற பையன் ஒருத்தன் மட்டும் எழுந்து எழுந்து போவான். பிறகு கவுன்டர் வந்தது. சுவர் முழுக்க ரேக் வந்தது. கூரை வரை அடுக்கினார்கள். சரக்கு எழுந்து நின்றது. விற்கிறவரும் கூடவே எழுந்து நின்றார். முதலாளி மட்டும் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டார்!

அடுக்குகிற வேலை

இந்த வேலையின் கஷ்டம் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சேலை எடுக்க 20 சேலையைப் பிரிக்கிறார்கள். மீதி 19-ஐயும் மடிப்புக் கலையாமல் மடித்து, நிறம் பார்த்து, விலை பார்த்து, எடுத்த தட்டிலேயே திரும்ப வைக்க வேண்டும். மேல் தட்டுக்கு எட்ட வேண்டும், கீழ்த் தட்டுக்குக் குனிய வேண்டும். வைத்து முடிக்கும் முன்னே அடுத்த ஆள் வந்து, "அந்த மாம்பழக் கலரை எடும்மா" என்பார்.

பலசரக்கு சூப்பர் மார்க்கெட்டிலும் இதே கதைதான். பழைய பாக்கெட்டை முன்னால் இழுக்க வேண்டும், புதுசைப் பின்னால் தள்ள வேண்டும். தேதி முடிந்த பாக்கெட் ஒன்று தட்டில் தங்கிவிட்டால் திட்டு. பெரிய கடைகளில், கண் மட்டத்தில் தங்கள் சரக்கு இருக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் காசு கொடுத்து இடம் பிடிப்பதும் உண்டு. பிஸ்கட் பாக்கெட்டின் உயரத்துக்கு இவ்வளவு யோசனை! அதை அடுக்குகிறவரின் முழங்காலைப் பற்றி யார் யோசித்தார்கள்?

மணிக்கணக்கில் நின்றால் காலில் ரத்தம் தேங்கும். பாதம் வீங்கும். வருஷக்கணக்கில் நின்றால் ரத்தக் குழாய் சுருண்டு புடைக்கும். குமரி மாவட்டத்தில் சீசனும் கூடுதல். தமிழ்நாட்டில் மற்ற ஊர்களுக்குத் தீபாவளி, பொங்கல். இங்கே ஓணத்திலேயே கூட்டம் தொடங்கிவிடும். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் வரை விடாது. நடுவே கல்யாண முகூர்த்தங்கள் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த, 2021 செப்டம்பர் 6-ந்தேதி அமைச்சர் சி.வி.கணேசன் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறி, 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வேண்டும் என்பது அதன் சாரம்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே இந்த உரிமை 2018-லேயே வந்துவிட்டது. சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண், கடைப் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உண்டாக்கினார். முதலில் கேட்டது கழிப்பறை. அது இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்தவர்கள் அவர்கள். அப்புறம்தான் நாற்காலி கேட்டார்கள். பாறசாலைக் கடைப் பெண்ணுக்குக் கிடைத்தது களியக்காவிளைக் கடைப் பெண்ணுக்குக் கிடைக்க 3 வருஷம் ஆனது. இங்கிலாந்திலோ, கடையில் 3 பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று 1899-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

2010-ல் 'அங்காடித் தெரு' படம் வந்தது. வசந்தபாலன் எடுத்தார், வசனம் நாகர்கோவில்காரரான ஜெயமோகன். படம் பார்த்துக் கண்ணைத் துடைத்தவர்கள், அடுத்த தீபாவளிக்கும் அதே மாதிரிக் கடைக்குத்தான் துணி எடுக்கப் போனார்கள்!

"கஸ்டமர் வரும்போது உக்காந்திருந்தா மரியாதையா இருக்குமா?" என்பது கடைக்காரர்களின் கேள்வி. பாங்கியில் பணம் வாங்குகிறவர் உட்கார்ந்திருக்கிறார். பஸ் நிலையத்தில் ரிசர்வேஷன் எழுதுகிறவர் உட்கார்ந்திருக்கிறார். யாருக்கு மரியாதை குறைந்தது? கூட்டம் நிற்கும்போது உட்கார வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆள் இல்லாத அரை மணி நேரம் உட்காரவே கேட்கிறார்கள்.

இடமில்லை என்பது இன்னொரு வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. டவுன் வாடகை லேசானதல்ல. ஆனால் ரேக் செய்கிற ஆசாரியிடம் முதலிலேயே சொன்னால், கீழ்த் தட்டில் ஒரு முழம் விட்டு மடக்கு முக்காலிக்கு இடம் ஒதுக்கிவிடுவார். கனமான கட்டு இடுப்பு மட்டத்தில் இருக்கட்டும். அடிக்கடி கேட்கிற சரக்கு கைக்கு எட்டுகிற தட்டில் இருக்கட்டும். பாதிக் குனிவும் பாதி ஏற்றமும் குறையும். சரக்கும் சீக்கிரம் கைக்கு வரும். லாபம் கடைக்குத்தான்.

முக்காலி போட்டிருக்கிற கடைகளும் உண்டு. அந்த முதலாளிகளைப் பாராட்ட வேண்டும். முக்காலியும் போட்டு, மேலே கேமராவும் வைத்து, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிற கடைகளை என்ன சொல்வது? துணி எடுக்கப் போகிறவர்களும், "நீயும் கொஞ்சம் இரி மக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். வாங்குகிறவர் சொன்னால் சூப்பர்வைசரால் மறுக்க முடியாது.

தொழிலாளர் துறை அதிகாரிகள் சோதனைக்குப் போகிற நேரமும் முக்கியம். காலை 11 மணிக்குப் போனால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். சீசனில், சாயங்காலம் 7 மணிக்குப் போக வேண்டும். முதலாளி பக்கத்தில் இல்லாதபோது பெண்களிடம் கேட்க வேண்டும். முக்காலி எத்தனை என்று எண்ணினால் மட்டும் போதாது. அதன் மேல் தூசி படிந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.