தீவுகளின் இறைமையும் தீவு மக்களின் விருப்பமும்

சிறிய தீவொன்று எந்த நாட்டுக்குச் சொந்தம் என்ற பிணக்கு எழும்போதெல்லாம் அரசாங்கங்கள் பழைய ஆவணங்களையும் வரைபடங்களையும் தூசுதட்டி எடுக்கின்றன. அங்கு வாழும் மக்கள் எதை விரும்புகின்றனர் என்ற கேள்வியோ, பதில் தமக்குச் சாதகமாக அமையும் என்று தெரிந்தால் மாத்திரமே கேட்கப்படுகிறது. பிரித்தானியாவின் ஆளுகைக்குட்பட்ட இரு தீவுக்கூட்டங்களின் வரலாற்றை அருகருகே வைத்துப் பார்ப்போருக்கு இது விளங்கும்.

முதலாவது, தென் அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள போக்லாந்து தீவுகள். மல்வினாஸ் என்று அவற்றை அழைக்கும் ஆர்ஜென்டீனா, 1833ஆம் ஆண்டில் பிரித்தானியா அவற்றைப் பலவந்தமாகக் கைப்பற்றியது என்று வாதிடுகிறது. 1982 ஏப்ரல் 2ஆம் திகதி ஆர்ஜென்டீனாவின் இராணுவ ஆட்சியாளர்கள் தீவுகளை ஆக்கிரமித்தபோது, பிரதமர் மார்கிரட் தட்சர் கடற்படையை அனுப்பினார். 74 நாட்கள் நீடித்த அந்த மோதலில் 649 ஆர்ஜென்டீனர்களும் 255 பிரித்தானியப் படையினரும் தீவுவாசிகள் மூவரும் உயிரிழந்தனர். அப்போது தீவுகளின் சனத்தொகை ஏறத்தாழ 1,800. அவர்களின் விருப்பமே மேலானது என்பதே லண்டன் கூறிய நியாயம். 2013 மார்ச்சில் நடைபெற்ற சர்வஜன வாக்கெடுப்பில் பிரித்தானிய ஆள்புலமாகத் தொடர்வதற்கு 1,513 பேர் ஆதரவாக வாக்களித்தனர். எதிர்த்தவர்கள் மூவர் மாத்திரமே.

தீவுவாசிகள் குடியேற்றவாத வல்லரசினால் கொண்டுவந்து இருத்தப்பட்டவர்கள், ஆகவே அவர்களுக்குச் சுயநிர்ணய உரிமை கிடையாது என்பது ஆர்ஜென்டீனாவின் பதில். ஐ.நா. பொதுச்சபையின் 1965ஆம் ஆண்டுத் தீர்மானம் தீவு மக்களின் ‘நலன்களை’ பற்றியே பேசுகிறது, ‘விருப்பத்தை’ பற்றி அல்ல என்றும் அது சுட்டிக்காட்டுகிறது. இந்த வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. தனது ஆட்களைக் குடியேற்றிவிட்டுப் பின்னர் அவர்களிடமே அபிப்பிராயம் கேட்பது எந்த வல்லரசுக்கும் இலகுவான காரியம். ஆனால், பல தலைமுறைகளாக ஒரு மண்ணிலேயே பிறந்து இறந்தவர்களை இன்னமும் வந்தேறிகள் என்று கூறுவது நியாயமல்ல. ஐரோப்பியக் குடியேற்றத்தினால் உருவான ஆர்ஜென்டீனா அவ்வாறு கூறுவது அதிலும் பொருத்தமற்றது.

எனினும், லண்டனின் கொள்கைப்பற்றும் அவ்வளவு பழமையானதல்ல. 1980ஆம் ஆண்டில் தீவுகளின் இறைமையை ஆர்ஜென்டீனாவிடம் கையளித்து, பின்னர் குத்தகைக்குப் பெறும் யோசனையை வெளிவிவகார இராஜாங்க அமைச்சர் நிக்கலஸ் ரிட்லி முன்வைத்தார். தீவுவாசிகளினதும் பாராளுமன்றத்தினதும் கடும் எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. 1981ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தீவுவாசிகள் பலரின் முழுமையான பிரித்தானியப் பிரஜாவுரிமையையே பறித்தது. போரின் பின்னர் 1983இல்தான் அது திருப்பி வழங்கப்பட்டது.

இரண்டாவது, இந்து சமுத்திரத்தில் மாலைதீவுக்குத் தெற்கேயுள்ள சாகோஸ் தீவுக்கூட்டம். மொரிஷியஸுக்குச் சுதந்திரம் வழங்குவதற்கு மூன்று வருடங்கள் முன்னதாக, 1965இல், பிரித்தானியா இத்தீவுகளை அதிலிருந்து பிரித்தெடுத்தது. மறுவருடம் டியேகோ கார்சியாவில் இராணுவத்தளம் அமைப்பதற்கு அமெரிக்காவுடன் உடன்பாடு செய்துகொண்டது. பதிலுக்கு பொலாரிஸ் ஏவுகணைகளின் விலையில் 140 இலட்சம் டொலர் சலுகை இரகசியமாகக் கிடைத்தது. அங்கு தென்னந்தோட்டங்களில் கொப்பரா தொழில் செய்துவந்தவர்கள் அடிமைகளாகவும் ஒப்பந்தக் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர். 1973ஆம் ஆண்டுக்குள் அவர்கள் அனைவரும், ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பேர், மொரிஷியஸுக்கும் சீஷெல்ஸுக்கும் அகற்றப்பட்டனர். அவர்களின் வளர்ப்பு நாய்களும் கொல்லப்பட்டன. அவர்கள் நிரந்தரக் குடிகளல்லர், தற்காலிகத் தொழிலாளர்களே என்று ஐ.நா.வுக்குக் காட்டுவதற்கு அதிகாரிகள் திட்டமிட்டமை பின்னர் வெளிவந்த அரச ஆவணங்களிலிருந்தே தெரியவந்தது.

போக்லாந்தில் இருந்தவர்களும் சாகோஸில் இருந்தவர்களும் எண்ணிக்கையில் கிட்டத்தட்டச் சமமானவர்கள். ஒரு தொகையினருக்காகக் கடற்படை அனுப்பப்பட்டது. மற்றத் தொகையினர் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டனர். இரண்டுக்கும் இடையில் பத்து வருடங்கள்கூட இல்லை.

2000ஆம் ஆண்டில் லண்டன் மேல் நீதிமன்றம் இந்த வெளியேற்றம் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. 2004இல் அரசாங்கம் பாராளுமன்றத்துக்குச் செல்லாமல் அரச கட்டளைகளின் மூலம் மீள்குடியேற்றத்தைத் தடுத்தது. 2008இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையுடன் அந்தக் கட்டளைகளை ஏற்றுக்கொண்டது. 2019 பெப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், தீவுகளைப் பிரித்தெடுத்தமை மக்களின் சுதந்திரமான விருப்பத்தின் அடிப்படையிலானதல்ல என்று தனது ஆலோசனைக் கருத்தில் கூறியது. அதே வருடம் ஐ.நா. பொதுச்சபையும் 116 வாக்குகளால் அதை வழிமொழிந்தது. எதிர்த்தவை ஆறு நாடுகளே.

இதன் பின்னராவது மக்களின் விருப்பம் கேட்கப்பட்டதா? 2025 மே 22ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கை, தீவுகளின் இறைமையை மொரிஷியஸுக்கு வழங்கி, டியேகோ கார்சியாவைப் பிரித்தானியா 99 வருடங்களுக்குக் குத்தகைக்குப் பெற வழிசெய்கிறது. ஏனைய தீவுகளில் மீள்குடியேற்றம் செய்யலாம். டியேகோ கார்சியாவில் முடியாது. அத்தீவில் பிறந்த இரு பெண்கள் நீதிமன்றம் சென்றதால் கைச்சாத்து அன்று காலை சில மணிநேரம் மாத்திரம் தடைப்பட்டது. சாகோஸியர்கள் ஒரே கருத்துடையவர்களல்லர். மொரிஷியஸின் உரிமையை ஆதரிப்போரும் அவர்களில் உள்ளனர். பிரித்தானியாவில் வாழ்ந்துகொண்டு அதைக் கடுமையாக எதிர்ப்போரும் உள்ளனர். கருத்து வேறுபாடு இருப்பதால் கேட்காமல் விடலாம் என்பதல்ல, அதனால்தான் வாக்கெடுப்பு அவசியமாகிறது.

இதில் எம்மவரும் சம்பந்தப்பட்ட ஒரு விடயம் உண்டு. 2021 ஒக்டோபரில் இலங்கைத் தமிழர்களை ஏற்றிவந்த படகொன்று டியேகோ கார்சியாவில் கரைசேர்ந்தது. பிறந்த மக்கள் வாழ அனுமதிக்கப்படாத அத்தீவில், புகலிடம் தேடிச்சென்றவர்கள் வேலியிடப்பட்ட முகாமில் மூன்று வருடங்கள் அடைத்துவைக்கப்பட்டனர். அது சட்டவிரோதமான தடுத்துவைப்பு என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குடியிருப்போரின் விருப்பம் என்பது நல்ல கோட்பாடு. ஆனால், குடியிருப்போரைத் துரத்திவிட்டு, இப்போது அங்கு எவருமில்லையே என்று கூறும் வசதியை அது எந்த அரசுக்கும் வழங்கக்கூடாது. பலவந்தமாக அகற்றப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அந்த மண்ணின் குடிகளாகவே கணக்கிடப்பட வேண்டும். போர்ட் ஸ்டான்லியில் ஆயிரத்து ஐந்நூறு வாக்குகளுக்குக் கிடைத்த மதிப்பு, மொரிஷியஸின் சேரிகளில் முதுமையடைந்த சாகோஸியருக்கும் கிடைக்கும்வரை லண்டன் பேசுகின்ற சுயநிர்ணய உரிமையை அதன் நண்பர்கள்கூட நம்பப்போவதில்லை.